வால் பட்டா காந்தம் கெடுமா?

வால்நட்சத்திரத்தோட வால் பூமி மேல பட்டா, பூமியோட காந்தப்புலத்துக்கு ஏதாவது ஆகுமா?

இந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ரெண்டே ரெண்டு பதில்தான் கிடைக்கும். ஒண்ணு வாட்ஸப் பதில்: துருவம் தலைகீழா மாறப்போகுது, மூணு நாள் இருட்டு, செல்போனை அணைச்சு வையுங்கள், இதைப் பத்து பேருக்கு அனுப்புங்கள். இன்னொண்ணு பகுத்தறிவுப் பதில்: "போய்யா, போய் புள்ளகுட்டிகளைப் படிக்க வை." ரெண்டாவது பதில் சொல்றவங்க நம்ம ஆளுங்கதான். ஆனா உண்மையைச் சொன்னா எனக்கு அவங்க மேலதான் கோவம் அதிகமா வருது. முதல் கோஷ்டிக்கு விஷயம் தெரியாது. ரெண்டாவது கோஷ்டி, விஷயம் தெரிஞ்சுக்க வேண்டிய அவசியமே இல்லைன்னு முடிவு பண்ணினவங்க.

2025 கடைசியில 3ஐ/அட்லஸ் வந்தப்போ இந்தக் கூத்து உச்சத்துல இருந்துச்சு. வேற நட்சத்திர மண்டலத்துல இருந்து வந்த வால்நட்சத்திரம். நம்ம கண்ணுல பட்ட மூணாவது வெளியூர் விருந்தாளி. டிசம்பர் 19 அன்னிக்கு பூமிக்கு 'மிக அருகில்' வந்துச்சு. மிக அருகில்னா எவ்வளவு? சுமார் 27 கோடி கிலோமீட்டர். நமக்கும் சூரியனுக்கும் இருக்கிற தூரத்தைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு. இதை வச்சு யூடியூப்ல எத்தனை தம்ப்நெயில், எத்தனை சிவப்பு அம்புக்குறி!

அந்த சமயத்துல எட்டாவது படிக்கிற எங்க அக்கா பொண்ணு வகுப்புல எழுந்து, "வால்ல மின்னூட்டம் இருக்குன்னா, அது பூமியோட காந்தத்தை அசைக்காதா?"ன்னு கேட்டிருக்கா. நல்ல கேள்வி. சொல்லப்போனா, இன்ஜினியரிங்ல நான் மின்காந்தப்புலப் பாடம் படிச்சப்போ எங்க வகுப்புல அறுபது பேர்ல ஒருத்தனும் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை. அவளுக்குக் கிடைச்ச பதில்: "வாட்ஸப் பாத்துட்டு வந்து உளறாதே, உட்காரு." வகுப்பே சிரிச்சிருக்கு. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் அவ அந்த வகுப்புல கையே தூக்கலைன்னு அக்கா சொன்னா. ஆசிரியரும் பாவம், சிலபஸ் முடிக்கிற அவசரம் அவருக்கு. ஆனா அந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் இருக்கு மக்களே. ஆமான்னும் இல்லாம இல்லைன்னும் இல்லாம, ரொம்ப சுவாரசியமான பதில். அதுக்குத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

முதல்ல ஒரு விஷயம். வால்னா நாம நினைக்கிற மாதிரி ஓடுற நாய்க்குப் பின்னாடி நீட்டிட்டு இருக்கிற வால் இல்லை. வால்நட்சத்திரம் சூரியனை நோக்கி வரும்போதும் சரி, சூரியனை விட்டு விலகிப் போகும்போதும் சரி, வால் சூரியனுக்கு எதிர்ப்பக்கமாத்தான் நீளும். அதாவது திரும்பிப் போகும்போது வாலை முன்னாடி விட்டுக்கிட்டுப் போகும். அதுவும் ஒரு வால் இல்லை, ரெண்டு. மஞ்சளா வளைஞ்சு தெரியறது தூசி வால். நீலமா நேரா நீளறது அயனி வால்.

தூசி வாலால காந்தத்துக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லை. வால்நட்சத்திரங்கள் கொட்டிட்டுப் போன தூசிக்குள்ள பூமி வருஷா வருஷம் புகுந்து வருது. ஆகஸ்ட் மாச பெர்சீட் எரிகற்கள் அப்படித்தான், ஸ்விஃப்ட் டட்டில் போட்ட குப்பை. அக்டோபர்ல ஓரியனிட், ஹாலி போட்டது. நாம மொட்டை மாடியில படுத்து வேடிக்கை பாக்கறோம், அவ்வளவுதான்.

விஷயம் இருக்கிறது அயனி வால்லதான். சூரியன் கிட்ட வர வர பனி ஆவியாகி வாயு கிளம்பும். அதுல சூரியனோட புற ஊதா ஒளி பட்டு மின்னூட்டம் ஏறும். அங்க ஏற்கனவே சூரியக்காற்று வினாடிக்கு 400, 500 கிலோமீட்டர் வேகத்துல சூரியனோட காந்தப்புலத்தையும் சுமந்துக்கிட்டு ஓடிட்டிருக்கு. காலியா பறந்து வர்ற ஷேர் ஆட்டோ, ஸ்டாப்புல நிக்கிற கூட்டத்தையெல்லாம் ஏத்திக்கிட்டா என்ன ஆகும்? திணறி மெதுவாகும் இல்லையா, அதே கதைதான் சூரியக்காற்றுக்கும். புது அயனிகளைச் சுமந்ததும் வேகம் குறையும். தலைப்பக்கம் மெதுவாகுது, ஆனா ரெண்டு பக்கமும் காத்து பழைய வேகத்துலயே போகுது. அதனால காந்தக்கோடுகள், வாய்க்கால்ல நட்டு வச்ச குச்சியில மாட்டின வைக்கோல் மாதிரி, ரெண்டு பக்கமும் வளைஞ்சு பின்னாடி இழுபடும். கொண்டை ஊசி மாதிரின்னு வச்சுக்கோங்க. ஆக, அயனி வால்ங்கறது வெறும் வாயு இல்லை. எதிரெதிர்த் திசையில ரெண்டு காந்தப் பட்டைகள், நடுவுல ஒரு மின்னோட்டத் திரை. 1957ல ஹானஸ் ஆல்வேன் காகிதத்துல போட்ட படம் இது. 1985 செப்டம்பர் 11 அன்னிக்கு ஐஸ்ங்கற விண்கலம் ஜியாகோபினி சின்னர் வால்நட்சத்திரத்தோட வாலுக்குள்ள புகுந்து வெளிய வந்தப்போ, அப்படியே இருந்துச்சு.

இதுல வேடிக்கை, வால்நட்சத்திரத்துக்குன்னு சொந்தமா காந்தம் கிடையாது. 2014 நவம்பர்ல ரோசெட்டா அனுப்பின ஃபிலே 67பி மேல தட்டுத்தடுமாறி குதிச்சு குதிச்சு இறங்கினப்போ, ஒவ்வொரு குதியிலயும் காந்தத்தை அளந்தாங்க. கருவுக்குக் காந்தம் இல்லைன்னு தெளிவாயிடுச்சு. வால்ல இருக்கிறது எல்லாம் சூரியன் கிட்ட வாங்கின கடன்.

சரி, இந்தக் கடன்காரன் ஒரு கிரகத்து மேல மோதினா என்ன ஆகும்? இதுக்கு ஒரு பரிசோதனையே நடந்திருக்கு. நடந்த இடம் செவ்வாய்.

2014 அக்டோபர் 19. தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி. சைடிங் ஸ்பிரிங்ங்கற வால்நட்சத்திரம் செவ்வாய்க்கு வெறும் 1,40,000 கிலோமீட்டர் தூரத்துல போச்சு. நமக்கும் நிலாவுக்கும் இருக்கிற தூரத்துல மூணுல ஒரு பங்குதான் அது. நம்ம மங்கள்யான் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகலை. தூசி பட்டு ஏதாவது ஆயிடக்கூடாதேன்னு அதைக் கிரகத்துக்குப் பின்னாடி பதுங்குற மாதிரி பாதையை மாத்தினாங்க. நாசாவோட மேவனும் அப்பத்தான் போய்ச் சேர்ந்திருந்துச்சு. அதுல பெரும்பாலான கருவிகளை அணைச்சு வச்சாங்க. ஆனா காந்தமானியை மட்டும் ஓட விட்டாங்க.

அந்த ஒரு முடிவுக்கு நான் ஒரு பெரிய கும்பிடு போடுவேன்.

ஏன்னா அது பதிஞ்சு வச்சது அப்படி. செவ்வாய்க்கு பூமி மாதிரி முழுக்கிரகக் காந்தப்புலம் கிடையாது. சூரியக்காற்று அதோட மேல்வளிமண்டலத்துல மோதறதால உண்டாகுற ஒரு மெல்லிய காந்தப்போர்வைதான் அதுக்கு. வால்நட்சத்திரத்தோட தலையைச் சுத்தியிருக்கிற வாயு மண்டலம் அந்தப் போர்வையைக் கலக்கி எடுத்துடுச்சு. காந்தத்தோட திசை திரும்புது, தாறுமாறா ஆடுது, வால்நட்சத்திரம் கடந்து போன பிறகும் பல மணி நேரத்துக்கு ஆட்டம் அடங்கலை. குறுகிய நேர பலமான சூரியப்புயல் அடிச்ச மாதிரின்னு அந்தக் குழுவே சொன்னாங்க. ஆக, "வால்நட்சத்திரமாவது, கிரகத்தோட காந்தத்தைத் தொடறதாவது"ன்னு சிரிக்கிறவங்க, செவ்வாய்க்குப் போய்ச் சிரிக்க முடியாது.

பூமிக்கு வருவோம். இங்க கதை வேற. பூமியோட காந்தம் உள்ள இருந்து வருது. வெளிக்கருவுல உருகிய இரும்பு சுழல்றதால உண்டாகுறது. எந்த வாலும் அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது. துருவம் தலைகீழாகும்ங்கற பேச்சை இந்த ஒரு வரியிலயே தூக்கிப் போட்டுடலாம்.

அசையக்கூடியது வெளிப்பக்கம், அதாவது காந்தமண்டலம். சூரியன் பக்கம் அது சுமார் 65,000 கிலோமீட்டர் வரைக்கும் நீண்டிருக்கு. சூரியக்காற்று எவ்வளவு வேகமா அழுத்துதோ அதைப் பொறுத்து அது சுருங்கும், விரியும். இப்ப நம்ம ஷேர் ஆட்டோவை நினைச்சுப் பாருங்க. ஆள் ஏறினதால எடை கூடுச்சு, வேகம் குறைஞ்சுச்சு. மொத்த உந்தம் ஏறக்குறைய அதேதான். அதனால வாலுக்குள்ள பூமி மாட்டினாலும், அழுத்தம் ஒண்ணும் தலைகீழா மாறிடாது. மாறக்கூடியது காந்தத் திசை. வால்ல வர்ற காந்தக்கோடு தெற்கு நோக்கி இருந்தா, வடக்கு நோக்கி இருக்கிற பூமியோட கோட்டோட இணைஞ்சு கதவைத் திறந்து விட்டுடும். புவிகாந்தப் புயல்ங்கறது அப்படித்தான் ஆரம்பிக்குது. வடக்கு நோக்கி இருந்தா பெருசா ஒண்ணும் நடக்காது. காசைச் சுண்டிப் போடற மாதிரி.

அந்த ஐஸ் விண்கலம் கருவுக்குப் பின்னாடி 7,800 கிலோமீட்டர் தூரத்துல வாலைக் கடக்க எடுத்துக்கிட்டது சுமார் 20 நிமிஷம். அங்க இருந்த காந்தப்புலம் 60 நானோ டெஸ்லா வரைக்கும் போச்சு. சூரியக்காற்றுல சாதாரணமா இருக்கிறது 5 நானோ டெஸ்லா. அதோட ஒப்பிட்டா 60ங்கறது சும்மா இல்லை, பெரிய சூரியப்புயல்ல வர்ற அளவு. ஆனா அவ்வளவு கிட்ட ஒரு வால்நட்சத்திரம் பூமிக்கு வந்தா நமக்குக் கவலை காந்தத்தைப் பத்தி இருக்காது :-) பதிவுல இருக்கிறதுலயே பூமிக்கு ரொம்பக் கிட்ட வந்ததுன்னு சொல்லப்படற லெக்ஸல், 1770ல வந்தது, சுமார் 22 லட்சம் கிலோமீட்டர் தள்ளித்தான் போச்சு. நிலா தூரத்தைப் போல ஆறு மடங்கு.

தூரத்து வாலுக்குள்ள பூமி புகுந்த கதையும் உண்டு. 1861 ஜூன் 30ல அந்த வருஷப் பெரிய வால்நட்சத்திரம். 1910 மே மாசம் ஹாலி. ஹாலி பூமியை விட்டு 2.3 கோடி கிலோமீட்டர் தள்ளித்தான் இருந்துச்சு. ஆனா வால்ல சயனோஜன் இருக்குன்னு நிறமாலையில கண்டுபிடிச்சதும், உலகம் விஷவாயுல சாகப்போகுதுன்னு ஐரோப்பா, அமெரிக்கா எல்லாம் ஒரே கலவரம். வால்நட்சத்திர மாத்திரைன்னு ஒண்ணை வித்துக் காசு பாத்தவங்க உண்டு. இப்ப வாட்ஸப்ல நடக்கிறதைப் பாத்து ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்லை.

அதே நேரம் இங்க பாரதி 'சாதாரண வருஷத்துத் தூமகேது'ன்னு ஒரு கவிதை எழுதினார். சாதாரண வருஷம்னா 1910-11. அதுல வால் ரொம்ப மெல்லிய வாயுவால ஆனதுன்னும், அது பூமியைத் தொட்டாலும் கெடுதல் வராதுன்னு அறிஞர்கள் சொல்றாங்கன்னும் சரியா எழுதியிருக்கார். மேல்நாட்டுல மாத்திரை வித்துக்கிட்டிருந்தப்போ நம்ம கவிஞர் அறிவியல் செய்தியைக் கவிதைக்குள்ள வச்சுட்டார். கூடவே பழைய நம்பிக்கையையும் கேட்டுப் பாத்தார்ங்கறது வேற விஷயம். எனக்குப் பிடிச்சது அந்த மனநிலைதான். ரெண்டையும் கேக்கறார், ஆனா யாரையும் உட்காருன்னு சொல்லலை.

காந்தத்துக்கு என்ன ஆச்சு? அப்பவே அதைக் கவனிக்கணும்னு நினைச்ச ஆட்கள் இருந்தாங்க. நார்வேல பிர்க்லாண்ட் துருவப்பக்கம் காந்தமானியோட உட்கார்ந்தார். நம்ம நாட்டுல பம்பாய் பக்கத்துல அலிபாக்ல ஒரு காந்த ஆய்வுக்கூடம் ராப்பகலா பதிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. முன்னாடி அது கொலாபாவுலதான் இருந்துச்சு. பம்பாய்ல மின்சார டிராம் வரப்போகுதுன்னு தெரிஞ்சதும், அந்த மின்சாரம் அளவீட்டைக் கெடுத்துடும்னு பயந்து அலிபாக்குக்கு மாத்தினாங்க. 1904 முதல் 1906 வரைக்கும் ரெண்டு இடத்துலயும் சேர்த்து அளந்து, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் போகுதான்னு சரிபார்த்துட்டுத்தான் பழசை மூடினாங்க. பொட்டி தட்டுறவங்களுக்குப் புரியும், பழைய சர்வரை அணைக்கிறதுக்கு முன்னாடி ரெண்டையும் சேர்த்து ஓட்டறோம்ல, அதேதான். நூத்தி இருபது வருஷத்துக்கு முன்னாடியே பண்ணியிருக்காங்க.

யோசிச்சுப் பாருங்க. பம்பாய் டிராம் காந்தமானியை அசைச்சுடும். இதுவரைக்கும் பூமியில எந்தக் காந்தமானியும், இது சந்தேகமில்லாம வால்நட்சத்திர வால் போட்ட கோடுன்னு ஒண்ணைக் காட்டினதில்லை. இன்னும் சொன்னா, திருநெல்வேலிக்கு மேல தினமும் உச்சிவேளையில, சுமார் 100 கிலோமீட்டர் உயரத்துல, நிலநடுக்கோட்டு மின்தாரைன்னு ஒரு மின்னோட்டம் ஓடுது. காந்த நிலநடுக்கோடு அந்தப் பக்கமாப் போறதால வர்றது. அது தினசரி தரையில காந்தத்தை 50, 60, சில நாள் 100 நானோ டெஸ்லா வரைக்கும் ஏத்தி இறக்குது. மத்தியான சாப்பாட்டு நேரத்துல, ஒரு ஆரவாரமும் இல்லாம. அதை அளக்கவே கிருஷ்ணாபுரத்துல ஒரு ஆய்வுக்கூடம் இருக்கு. திருநெல்வேலிக்காரங்க எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்ப என் கட்சிக்கு வர்றேன். "பாதிக்காது"ன்னு சொல்றது தப்பு. "பாதிக்கும்"னு மொட்டையா சொல்றதும் தப்பு. எவ்வளவு கிட்ட, எந்தத் திசை, எத்தனை நானோ டெஸ்லா, எவ்வளவு நேரம்? இந்த நாலும் இல்லாம யாரு எதைச் சொன்னாலும் அது ஜல்லிதான், சொல்றவர் கையில டெலஸ்கோப் இருந்தாலும் சரி, சாம்பிராணித் தட்டு இருந்தாலும் சரி.

இன்னொண்ணும் சொல்லணும். வால்நட்சத்திர வால் பூமியோட காந்தத்தைப் பெருசா அசைக்கலைன்னாலும், அதை நிஜமாவே அசைக்கிறது எதுன்னு நமக்குக் காட்டிக் கொடுத்ததே அந்த வால்தான். 1951ல லுட்விக் பியர்மன், அயனி வால் இவ்வளவு வேகமா தள்ளப்படறதுக்கு வெறும் வெளிச்சத்தோட அழுத்தம் போதாதுன்னு கணக்குப் போட்டார். சூரியன்ல இருந்து எல்லா நேரமும் துகள்கள் வீசிக்கிட்டே இருக்கணும்னார். 1958ல யூஜின் பார்க்கர் அதுக்குக் கணக்கு எழுதிக் கட்டுரை அனுப்பினார். ரெண்டு மதிப்பீட்டாளர்களும் குப்பைன்னுட்டாங்க. பத்திரிகையோட ஆசிரியர் யாரு தெரியுமா? நம்ம சந்திரசேகர். சென்னை மாநிலக் கல்லூரியில படிச்சவர். அவருக்கும் அந்தக் கருத்து பிடிக்கலை. ஆனா கணக்குல தப்பு இல்லைன்னு பாத்து, கட்டுரையைப் போட்டுட்டார். சூரியக்காற்று அப்படித்தான் அச்சேறுச்சு. தனக்குப் பிடிக்காத ஒண்ணை, தப்பு கண்டுபிடிக்க முடியலைங்கற ஒரே காரணத்துக்காக விட்டுக்கொடுக்கிற மனசு நம்ம பதிவுலகத்துல எத்தனை பேருக்கு இருக்கு? (உள்குத்து எல்லாம் இல்லைங்க.)

அந்த சூரியக்காற்றுதான் நாம பயப்பட வேண்டிய ஆள். 1989 மார்ச் 13ல ஒரு சூரியப்புயலால கனடாவோட கியூபெக் மாகாணம் ஒன்பது மணி நேரம் இருட்டுல கிடந்துச்சு. அறுபது லட்சம் பேர். 2024 மே மாசம் அடிச்ச புயல்ல லடாக்குல ஹான்லே வானமே சிவந்துச்சு, நாம எல்லாம் அந்தப் படத்தை ஸ்டேட்டஸ்ல வச்சோம். அதுக்கு யாரும் பத்து பேருக்கு அனுப்புங்கள்னு போடலை. வால் இல்லைங்கறதாலயோ என்னவோ.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி பழைய பதிவேடுகள். தினமும் லாக் ஃபைலோட மல்லுக்கட்டறவன்ங்கறதால இருக்கலாம். 1996 மே 1ல யுலிசிஸ் விண்கலத்துல அளவீடு திடீர்னு கோணல்மாணலா வந்துச்சு. சூரியக்காற்று காணாமப் போன மாதிரி. என்னன்னு அப்ப யாருக்கும் புரியலை. 2000த்துலதான் வேற வேற குழுக்கள் அந்தப் பழைய தரவைத் தோண்டி, விண்கலம் ஹியாகுடகேவோட வாலுக்குள்ள புகுந்து வந்திருக்குன்னு கண்டுபிடிச்சாங்க. வால்நட்சத்திரம் இருந்தது 50 கோடி கிலோமீட்டருக்கும் மேல தள்ளி. அவ்வளவு நீள வால் இருக்கும்னே யாரும் அதுவரைக்கும் நினைச்சதில்லை. அந்த வரிகளைக் கோளாறுன்னு அழிச்சிருந்தா?

அதே மாதிரி 1859 செப்டம்பர் 2ல கொலாபாவுல யாரோ சிலர் தூங்காம கண்ணால பாத்துப் பாத்துக் கையால எழுதின எண்கள். 2003ல சுருதானி, லகீனா குழு அதை எடுத்து ஆராய்ஞ்சப்போ, காரிங்டன் புயல்ல காந்தம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிஞ்சது தெரிஞ்சுச்சு. நூத்தி நாப்பத்து நாலு வருஷம் கழிச்சு. அந்தப் புயலைப் பத்தி உலகம் பேசறப்போ இன்னிக்கும் பம்பாய் எண்களைத்தான் எடுக்கறாங்க. எழுதினவங்க பேரு நமக்குத் தெரியாது, பாட்டன் சொத்து மாதிரி எண்கள் மட்டும் இருக்கு. ராக்கெட் விட்டா கைதட்டற நாம, இந்த மாதிரி சத்தமில்லாம அளந்துக்கிட்டே இருக்கிற இடங்களுக்கு ஒரு பள்ளிச் சுற்றுலாகூடப் போறதில்லை. தீம் பார்க்குக்குப் போறோம். கிருஷ்ணாபுரத்துக்கு ஒரு பஸ் விட்டா என்னங்க குறைஞ்சுடும்?

அடுத்த பரிசோதனைக்கும் ஆள் தயாராயிட்டு இருக்கு. ஐரோப்பிய விண்வெளி முகமையும் ஜப்பானும் சேர்ந்து காமெட் இன்டர்செப்டர்னு ஒண்ணை 2029 வாக்கில அனுப்பத் திட்டம் போட்டிருக்காங்க. எந்த வால்நட்சத்திரத்துக்குன்னு முடிவு பண்ணாமலேயே கிளம்பி, 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போய்க் காத்துக்கிட்டு இருக்குமாம். புதுசா ஒண்ணு வந்தா பாயறதுக்கு. ஒரே நேரத்துல மூணு இடத்துல இருந்து அளக்க மூணு விண்கலம், காந்தமானியோட.

நாளைக்கு ரிலீஸ் இருக்கு, ஆணி நிறைய. மிச்சத்தைப் பின்னூட்டத்துல பேசுவோம். திருநெல்வேலிப் பக்கத்து ஆளுங்க யாராவது கிருஷ்ணாபுரம் ஆய்வுக்கூடத்துக்குப் போயிருந்தா, உள்ள விடுவாங்களான்னு சொல்லுங்கப்பா. லீவுக்கு ஒருத்தியைக் கூட்டிட்டுப் போகணும்.